துறைமுகத்துப் பழங்கலங்களும் நிழற்படச் சான்றும்

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி, அயல்நாட்டார் குறிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு வரலாற்றை ஆராயும் முறை நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு சான்று நிழற்படமாகும். 1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தாகெர் என்பாரின் முறை உலகறிய வெளியிடப்பட்ட நாள்முதல் நிழற்படங்கள் பெருகி வந்துள்ளன. எனினும் அவற்றை நூலுக்கு அணியாகச் சேர்ப்பார் பலர்; சான்றாக வைத்து ஆராய்வார் சிலரே. கண்ட காட்சி கண்டவாறே பதிந்துள்ளது, இதில் ஆராய்தற்கு என்ன உளது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஒரு துறைமுகத்தையும் அங்கு நின்ற சில பாய்க்கப்பல்களையும் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட துறைமுகம் நியூயார்க். அதனுள்ளும் மன்ஹாட்டன் தீவின் கீழ்ப்புறத்தே, ஈஸ்ட் ஆற்றங்கரையில் அமைந்த சவுத் தெருப் பகுதியே நம் ஆய்வுக்கு எல்லையாகும். வானளாவிய கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற இந்நகரின் கரையில், சென்ற காலத்துப் பாய்க்கப்பல்கள் வரலாற்றுச் சின்னங்களாக நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றைப் படமெடுப்போர் தொகை பெரிது. அப்படங்களுள் நகரம் தோன்றாதவாறு கப்பலை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுவன ஒரு வகை. கப்பலையும் அதனைச் சூழ்ந்த நகரையும் ஒருங்கே காட்டுவன மற்றொரு வகை. முன்னதே அழகும் பழமையும் உடையதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. பின்னதே வரலாற்றுக்கு உறுதுணையாவது என்பது நம் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில்புரிந்த காலத்துப் படங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் நகரின் கடல்வாணிகம் பெரிதும் சவுத் தெருவை ஒட்டியே நடைபெற்றது. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு மன்ஹாட்டன் தீவே மறைப்பாக அமைந்தமையாலும், குளிர்காலத்துப் பனிக்கட்டியின் தொல்லை ஹட்சன் ஆற்றைக் காட்டிலும் ஈஸ்ட் ஆற்றில் குறைவாயிருந்தமையாலும், பாய்க்கப்பல்கள் இக்கரையையே நாடின. கப்பல்கள் முகப்பைக் கரைநோக்கி வைத்து நிறுத்தப்படுவது வழக்கம். ஆகவே அவற்றின் முகப்பினின்று முன்னோக்கி நீளும் மரங்கள், தெருவின்மேல் வண்டிகளுக்கும் மக்களுக்கும் மேலாகக் கவிந்து நின்றன. இதனை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட படங்களில் காணலாம். தெருவும் கப்பலும் ஒன்றையொன்று தழுவிநின்ற அந்நிலையை எழுத்துக் குறிப்புகளைக் காட்டிலும் அப்படங்களே தெளிவாக உணர்த்துகின்றன.

ஆயினும் அக்காலப் படங்களைக் கையாளும்போது சில செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். தாகெர் முறையில் எடுக்கப்பட்ட படங்களில், கண்ணாடியிற் காண்பது போல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தோன்றும். அதனைத் திருத்தும் கருவி பொருத்தப்படாதவிடத்து, கப்பலின் இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் கொண்டு மயங்க நேரும். அடுத்து வந்த கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக ஏற்றன, செவ்வொளியை ஏற்கவில்லை. அதனால் நீலவானம் வெறும் வெண்மையாகவும், செந்நிறப் பூச்சுக் கருமையாகவும் பதிந்தன. அத்தகைய படத்தைக் கண்டு ஒரு கப்பலின் நிறம் இன்னதென அறுதியிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

மூன்றாவதாகக் கருதத்தக்கது கால அளவு. தொடக்கக்காலக் கருவிகளில் ஒளி பதிவதற்கு நெடுநேரம் வேண்டியிருந்தது. நிலையாக நின்ற பொருள்களே தெளிவாகப் பதிந்தன. இயங்கியவை மங்கியோ மறைந்தோ போயின. 1859-ஆம் ஆண்டில் எட்வர்டு ஆந்தனி என்பார் மிகக் குறுகிய நேரத்தில் பதியும் இரட்டைப் படங்களை நியூயார்க்கில் எடுத்து வெளியிட்ட பின்னரே, இயங்கும் வண்டிகளும் கலங்களும் தெளிவாகத் தோன்றலாயின. ஆகவே அதற்கு முற்பட்ட படமொன்றில் கட்டுண்ட கப்பல்களே காணப்படுவது கொண்டு, அந்நாளில் துறைமுகம் ஓய்ந்திருந்தது எனக் கூறலாகாது. சிதைந்த கல்வெட்டில் எழுத்தில்லாத இடத்தை, அங்கு எழுத்தே பொறிக்கப்படவில்லை என்று கொள்வதற்கு இது ஒப்பாகும்.

1883-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலம் இத்துறைமுகத்தின் தோற்றத்தை மாற்றியது. கப்பல்கள் கடந்து செல்லும்பொருட்டு அதன் நடுப்பகுதி நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 135 அடி உயரத்தில் அமையத் திட்டமிடப்பட்டது. ஆயின் பெரிய கப்பல்களின் பாய்மரங்கள் இவ்வளவினும் உயர்ந்தவை. அவை மரத்தின் மேற்பகுதியை இறக்கினாலன்றிப் பாலத்தின் அடியில் செல்ல இயலாது. பாய்க்கப்பலும் பாலமும் ஒருங்கே தோன்றும் படம் ஒவ்வொன்றும் இரு காலங்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமையைக் காட்டும் படமாகும்.

பெரனிஸ் ஆபட்டின் படம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீராவிக் கப்பல்களே வாணிகத்தைக் கைக்கொண்டன. அவற்றுட் பெரியவை நீண்ட துறைமேடைகளைக் கொண்ட ஹட்சன் ஆற்றங்கரையை நாடின. சவுத் தெரு படிப்படியாக மங்கியது. அந்நிலையில் எடுக்கப்பட்ட படமொன்று நம் கருத்துக்கு இன்றியமையாதது.

பெரனிஸ் ஆபட் (1898–1991) என்னும் அம்மையார் பாரிசு நகரில் வாழ்ந்தபோது, அந்நகரின் மறையும் தெருக்களையும் கடைகளையும் படமெடுத்து வைத்த ஈஜீன் ஆட்கெ என்பாரின் பணியை அறிந்தவர். அவர் மறைந்தபின் அவருடைய படங்கள் பலவற்றைத் தேடிக் காத்தவர். 1929-இல் நியூயார்க் திரும்பியபோது, அந்நகர் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பும் விரைவைக் கண்டார். ஆட்கெ பாரிசுக்குச் செய்ததைத் தாம் நியூயார்க்குக்குச் செய்யக் கருதினார். 1935-ஆம் ஆண்டுமுதல் அமெரிக்க அரசின் கலைத்திட்டத்தின் உதவி கிடைத்தது. அதன்கீழ் எடுத்த 305 படங்களுள் 97 படங்கள் 1939-இல் 'மாறும் நியூயார்க்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தன.

அவ்வரிசையில் 'தியோலைன்' என்னும் பாய்க்கப்பலின் படம் ஒன்றுண்டு. 1936 ஏப்பிரல் 9-ஆம் நாள் ஈஸ்ட் ஆற்றின் 11-ஆம் துறைமேடையில் எடுக்கப்பட்டது. கப்பலின் மரங்களும் கயிறுகளும் முன்னே நிற்க, நிதி நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்கள் பின்னே எழுகின்றன. ஆபட் நினைத்திருந்தால் அக்கட்டடங்கள் படத்துள் வாராதவாறு நின்று, கப்பலை மட்டும் காட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தியோலைன் அன்று காட்சிக்கு வைக்கப்பட்ட பழங்கலம் அன்று. கடலோடித் தொழில்புரிந்த கலம். அது தொழில்புரிந்த காலம் 1936 என்பதையும், அக்காலத்திலேயே அதன் பின்னே இத்தகைய நகரம் எழுந்துவிட்டது என்பதையும் அப்படம் ஒருங்கே கூறுகின்றது. நாள், இடம், கலத்தின் பெயர் ஆகிய மூன்றும் படத்தோடு குறித்து வைக்கப்பட்டமையால், அது கலைப்பொருளாக இருப்பதோடு சான்றாகவும் நிற்கின்றது.

பழங்கலங்கள் மீண்டு வந்த வரலாறு

தொழில்புரிந்த பாய்க்கப்பல்கள் நீங்கிய கரைக்குப் பழங்கலங்கள் எவ்வாறு வந்தன என்பதை அடுத்துக் காண்போம். 1956 ஏப்பிரல் 26-ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 சரக்குப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கை அடுத்த நியூவார்க் துறையினின்று ஹூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. அதன்பின் பெருகிய பெட்டக வாணிகத்துக்கு அகன்ற வெற்றிடமும் பாரந்தூக்கிகளும் வேண்டியிருந்தன. நெருக்கமான மன்ஹாட்டன் கரையில் அவற்றுக்கு இடமில்லை. வாணிகம் நியூஜெர்சிப் பக்கம் பெயர்ந்தது. பழைய துறைமேடைகள் வெறிச்சோடின. வாணிகம் விட்டுச்சென்ற இவ்விடமே பழங்கலங்களுக்குப் புகலிடமாயிற்று. 1967-இல் சவுத் தெருத் துறைமுக அருங்காட்சியகம் தோற்றுவிக்கப்பட்டது.

அங்குக் கொணரப்பட்ட கலங்களுள் இரண்டின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது 'வேவர்ட்ரீ'. 1885-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் தேனிரும்பாற் கட்டப்பட்டது. தொடக்கத்தில் வங்கநாட்டுச் சணலை ஸ்காட்லாந்துக்கு ஏற்றிச் சென்றது. பின்னர்ச் சரக்குக் கிடைத்த துறைகளுக்கெல்லாம் சென்று உலகைச் சுற்றியது. 1910-இல் தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையருகே புயலில் பாய்மரங்களை இழந்து, ஃபாக்லாந்துத் தீவை அடைந்தது. அதனைச் செப்பனிடுவது ஊதியம் தாராது எனக் கருதிய உரிமையாளர் விற்றுவிட்டனர். சிலி நாட்டின் புந்தா அரேனாசு துறையில் மிதக்கும் பண்டகசாலையாகவும், பின்னர்ப் புவெனஸ் அயர்ஸ் நகரில் மணல் ஏற்றும் ஓடமாகவும் அது பல்லாண்டு பயன்பட்டது. 1968-இல் அருங்காட்சியகத்தார் விலைக்கு வாங்க, 1970-இல் நியூயார்க்குக்கு இழுத்துவரப்பட்டது. 2015-16-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலர் செலவில் செப்பனிடப்பெற்றது.

இரண்டாவது 'பீக்கிங்'. 1911-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புளோம்-வோஸ் கப்பற்பட்டறையில் லைஸ் வாணிகக் குழுவினருக்காக எஃகினாற் கட்டப்பட்ட நான்கு பாய்மரக் கப்பல். சிலி நாட்டு வெடியுப்பை ஐரோப்பாவுக்குக் கொணர்வது அதன் தொழில். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது சிலியின் வால்பரைசோ துறையில் முடங்கியது. போருக்குப்பின் இழப்பீடாக இத்தாலிக்கு அளிக்கப்பட்டது. 1923-இல் லைஸ் குழுவினரே அதனை மீண்டும் வாங்கினர். அக்கப்பல் ஹார்ன் முனையைச் சுற்றிச் சென்ற செலவொன்றில், 1929-இல் ஏறிய இர்விங் ஜான்சன் என்னும் அமெரிக்க இளைஞர் புயற்காட்சிகளை இயங்குபடமாக எடுத்துள்ளார். 1932-இல் அது இங்கிலாந்துக்கு விற்கப்பட்டு, 'அரெத்தூசா' என்னும் பெயருடன் மெட்வே ஆற்றில் சிறுவர்க்குரிய பயிற்சிக் கப்பலாக நிறுத்தப்பட்டது. 1974-இல் மீண்டும் கைமாறி, 1975-இல் சவுத் தெருக் கரையை அடைந்தது. 2016-ஆம் ஆண்டுவரை அங்கு நின்றது. 2017-இல் மற்றொரு பெருங்கப்பலின்மேல் ஏற்றப்பட்டு ஜெர்மனிக்குச் சென்றது. செப்பனிடப்பெற்று 2020 செப்டம்பரில், தான் பிறந்த ஹாம்பர்க் நகரை அடைந்தது.

படங்களின் கால எல்லை காணும் முறை

நாள் குறியாத கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி, அரசர் பெயர், பிற நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் கொண்டு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்து அறிகின்றோம். நாள் குறியாத துறைமுகப் படத்துக்கும் இம்முறை பொருந்தும். அதற்கு உதவுவது கப்பலைச் சூழ்ந்துள்ள நகரமேயாகும்.

பீக்கிங் கப்பலின் நான்கு மரங்களுக்குப் பின்னே உலக வாணிக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தோன்றும் படமொன்று கிடைப்பதாகக் கொள்வோம். அக்கோபுரங்கள் 1973-இல் திறக்கப்பட்டன. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் அழிக்கப்பட்டன. கப்பல் வந்ததோ 1975-இல். ஆகவே அப்படம் 1975-க்கும் 2001-க்கும் இடைப்பட்டது என்பது ஐயமின்றித் துணியப்படும். கோபுரங்கள் இன்றி, அவற்றின் அருகே பின்னர் எழுந்த தனிக்கோபுரம் உச்சிக்கம்பத்தோடு முழுமையாகத் தோன்றுமாயின், அப்படம் 2013-க்கும் 2016-க்கும் இடைப்பட்டதாகும். பீக்கிங் நிற்க, வேவர்ட்ரீ காணப்படாதாயின், வேவர்ட்ரீ செப்பனிடச் சென்றிருந்த 2015-16-ஆம் ஆண்டுகளையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு கப்பலின் வருகை, கட்டடத்தின் எழுச்சி, அதன் வீழ்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக் காலத்தை வரையறுக்கின்றன.

இனி, கப்பலை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் படத்தை நோக்குவோம். பின்னே வானமும் கீழே நீரும் அன்றி வேறொன்றும் இல்லை. அது 1980-இல் எடுத்ததா, 2010-இல் எடுத்ததா என்று அறிவதற்கு வழியில்லை. அவ்விடம் நியூயார்க்கா, மெட்வேயா, ஹாம்பர்க்கா என்பதும் தெளிவாகாது. நகரத்தை விலக்கியவர் தம் படத்தின் நாளையும் ஊரையும் தம் கையாலேயே அழித்தவராகின்றார்.

நகரம் தோன்றும் படத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தொலைநோக்கு வில்லை பொருத்தி நெடுந்தொலைவினின்று எடுத்தால், கப்பலுக்குப் பின்னே நெடுந்தூரத்தில் உள்ள கட்டடம் அதனை ஒட்டி நிற்பது போலத் தோன்றும். ஆகவே படத்தைக் கொண்டு காலத்தை வரையறுக்கலாம். இடைத்தொலைவை மட்டும் வரையறுத்தல் ஆகாது. தொலைவை அறிய நிலப்படத்தின் துணை வேண்டும்.

நின்ற காலமும் வரலாறே

கப்பலைப் பிரித்தெடுத்துக் காட்டுவோர் கூறும் காரணம் ஒன்றுண்டு. அக்கலம் தன் சிறப்புக் காலத்தில் இருந்தவாறு காட்டுவதே தம் நோக்கம் என்பர். கப்பலின் உடலமைப்பு, மரங்களின் அடுக்கு, கயிறுகள் செல்லும் நெறி ஆகியவற்றை அறிய விரும்புவோர்க்கு அத்தகைய படம் உதவும் என்பதை நாமும் மறுக்கவில்லை. சிதைந்த கலத்தைச் செப்பனிடுவோர்க்கு இத்தகைய நுண்படங்கள் பெருந்துணையாவன. ஆயின் ஒரு பொருளின் அமைப்பை விளக்கும் படம் வேறு. அதன் வரலாற்றை உணர்த்தும் படம் வேறு.

பீக்கிங் கப்பலின் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போம். 1911 முதல் 1932 வரை அது வாணிகக் கலமாக இருந்த காலம் 21 ஆண்டுகள். அவற்றுள்ளும் போர்க்காலத்தில் வால்பரைசோவில் முடங்கிக் கிடந்த ஆண்டுகளைக் கழித்தல் வேண்டும். இங்கிலாந்தில் பயிற்சிக் கப்பலாக நிலைத்து நின்றது நாற்பது ஆண்டுகளுக்கு மேல். சவுத் தெருக் கரையில் 1975 முதல் 2016 வரை நின்றது 41 ஆண்டுகள். ஆக, அக்கப்பல் பாய்விரித்து ஓடிய காலத்தைப் போல மும்மடங்குக்கு மேற்பட்ட காலம் கரையிற் கட்டுண்டு நின்றுள்ளது. நியூயார்க்கில் நின்ற காலம் ஒன்றே அது கடலோடிய காலத்தினும் மிகுதி. அந்நாற்பத்தோராண்டுகளில் அதன் அருகே கோபுரங்கள் நின்றன, வீழ்ந்தன, புதியன எழுந்தன. கப்பல் அசையாது நிற்க, நகரமே மாறிற்று. இவ்வுண்மையைக் காட்டுவது நகரோடு சேர்த்தெடுத்த படமேயாகும். இன்று அப்படங்களிற் காணும் கப்பலும் அக்கரையில் இல்லை. இரட்டைக் கோபுரங்களும் இல்லை. அவை இரண்டும் அடுத்தடுத்து நின்றன என்பதற்கு, எவரெவரோ எடுத்துவைத்த அப்படங்களே கண்கூடான சான்றாய் எஞ்சியுள்ளன.

வேவர்ட்ரீயின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். அது கடலோடியது 25 ஆண்டுகள். பண்டகசாலையாகவும் மணலோடமாகவும் கிடந்தது அரை நூற்றாண்டுக்கு மேல். அதன் இரும்புடல் அழியாது எஞ்சியமைக்கு அவ்விழிந்த தொழில்களே காரணமாயின. பயன்படாத கலத்தை உடைத்து இரும்பாக விற்றிருப்பர். எனவே மரமிழந்த அதன் தோற்றத்தைக் காட்டும் படங்கள், முழுப்பாய் விரித்த தோற்றத்தைக் காட்டும் படத்துக்குச் சற்றும் குறைந்தன அல்ல.

படம் கூறாதன

நிழற்படத்தின் பெருமையைக் கூறிய நாம் அதன் எல்லையையும் கூறுதல் முறையாகும். நியூயார்க் துறைமுகத்தில் 1964, 1976, 1986, 1992, 2000, 2012 ஆகிய ஆண்டுகளில் பல நாட்டுப் பெரும் பாய்க்கப்பல்கள் அணிவகுத்த விழாக்கள் நடைபெற்றன. அவற்றுள் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு நிறைவாக 1976 சூலை 4-ஆம் நாள் நிகழ்ந்த அணிவகுப்பு மிகுதியாகப் படமெடுக்கப்பட்டது. வெண்ணிறக் கப்பல்கள் வரிசையாகச் செல்லும் அப்படங்கள் கண்ணைக் கவர்வன.

அவ்வரிசையை முன்னின்று நடத்திய 'ஈகிள்' என்னும் அமெரிக்கக் கடற்காவற் படையின் கப்பல் 1936-இல் ஹாம்பர்க் நகரில் கட்டப்பட்டது. நாசி ஆட்சியில் 'ஹோர்ஸ்ட் வெசல்' என்னும் பெயர் பூண்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1946-இல் இழப்பீடாக அமெரிக்காவை அடைந்தது. அதே விழாவுக்கு வந்த சிலி நாட்டின் 'எஸ்மெரால்டா' கப்பல், 1973-ஆம் ஆண்டு அந்நாட்டில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, கைதிகளை அடைத்துவைத்து வதைத்த இடமாக இருந்தது. அதனால் அக்கப்பலின் வருகைக்கு நியூயார்க்கில் எதிர்ப்பும் எழுந்தது. இவற்றுள் எதனையும் அவ்வெண்ணிறப் பாய்கள் நமக்குக் கூறா. அழகிய மெய்க்கீர்த்தி ஒன்றைப் படித்த அளவில் அவ்வரசனின் ஆட்சி முழுவதையும் அறிந்துவிட்டதாகக் கொள்ளாதது போல, அழகிய படமொன்றைக் கண்ட அளவில் கலத்தின் வரலாற்றை அறிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. படத்தோடு கலத்தின் பெயரும், பெயரோடு ஆவணமும் சேர்ந்தே சான்று முழுமை பெறும்.

2025 மே 17-ஆம் நாள் நிகழ்ந்த துயரமும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. மெக்சிகோ நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பலாகிய 'குவாத்தெமோக்', 1982-இல் பழைய முறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல். அது மன்ஹாட்டன் கரையினின்று புறப்பட்டபோது பின்னோக்கிச் சென்று புரூக்ளின் பாலத்தில் மோதியது. மூன்று மரங்களின் உச்சிகளும் முறிந்தன. கப்பலில் இருந்தோருள் இருவர் உயிரிழந்தனர். கரையில் நின்றோர் எடுத்த படங்கள் சிறிது நேரத்தில் உலகெங்கும் பரவின. விழாக்கோலத்தைப் படமெடுக்க நின்றவர்களே அத்துயரத்துக்கும் சான்றாளராயினர். 135 அடிப் பாலத்துக்கும் அதனினும் உயர்ந்த மரங்களுக்கும் 1883 முதல் இருந்துவரும் ஒவ்வாமை, வெறும் காட்சிமுரண் அன்று. உயிரைக் கொள்ளவல்ல உண்மை என்பதை அப்படங்கள் உணர்த்தின. பாலத்தை விலக்கிக் கப்பலை மட்டும் காட்டிய படங்களில் இவ்வுண்மைக்கு இடமே இல்லை.

தமிழ்க் கலங்கள்

இவ்வாய்வினால் தமிழாய்வாளர் கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. சங்க நூல்கள் கலம், வங்கம், நாவாய், திமில், அம்பி எனப் பல பெயர்களை வழங்குகின்றன. அவற்றின் வடிவை அறிய நாம் சொல்லாராய்ச்சியையும் நாணய உருவங்களையும் நம்பியிருக்கின்றோம். நிழற்படக் காலத்துக்கு உட்பட்ட கலங்களின் நிலையோ வேறு. அவற்றைக் காணக் கருவி இருந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938 ஆகஸ்டு மாதத்தில் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. தியோலைனை ஆபட் படமெடுத்த இரண்டாண்டுகளின் பின், அதே அமெரிக்கக் கீழைக்கடற்கரையில் தமிழர் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று நின்றது என்பது எண்ணத்தக்கது.

தூத்துக்குடியினின்று பாய்விரித்துச் சென்ற தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறி பொருத்தப்பெற்றன. தென்னாட்டுப் படகுகளைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் நமக்குப் பயன்படுகின்றது. ஆயின் அத்துறையில் ஒருவர் பணி போதாது. பழைய தோணி, வத்தை ஆகியவற்றின் படங்கள் கடலோர ஊர்களில் குடும்பங்களிடமும், கப்பல் உரிமையாளர் வீடுகளிலும் இருத்தல் கூடும். அவற்றைத் தேடித் தொகுக்கும் மாணவர், கலம் மட்டும் தெளிவாகத் தெரியும் படங்களையே தேர்ந்தெடுத்தல் ஆகாது. பின்னே தோன்றும் பண்டகசாலை, கலங்கரை விளக்கம், கோயிற் கோபுரம், கரையில் நிற்போர் உடை ஆகியவையே அப்படங்களுக்கு நாளும் ஊரும் வழங்குவன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. நிழற்படமும் கல்வெட்டைப் போலவே, அது உண்டான முறையும் காலமும் அறிந்து ஆராயத்தக்க சான்றாகும் என்பது ஒன்று. பழங்கலத்தின் படத்துக்குக் கால எல்லை வகுப்பது அதனைச் சூழ்ந்த நகரமே ஆதலின், நகரத்தை விலக்குவது சான்றைக் குறைப்பதாகும் என்பது இரண்டாவது. கலம் ஓடிய காலத்தோடு நின்ற காலமும், சிறப்புற்ற காலத்தோடு இழிந்த காலமும் அதன் வரலாற்றில் அடங்கும் என்பது மூன்றாவது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் கருவி உள்ளது. ஒரே நாளில் ஒரே கலம் பல நூறு முறை படமாகின்றது. அவற்றுள் எத்துணைப் படங்கள் பிற்காலத்தார்க்குச் சான்றாகப் பயன்படும் என்பது, எடுப்பவர் நாளையும் இடத்தையும் கலத்தின் பெயரையும் குறித்து வைப்பதையும், பின்னே நிற்கும் கட்டடத்தையும் பாலத்தையும் குறையெனக் கருதி நீக்காமல் இருப்பதையும் பொறுத்தது. பாய்மரத்தின் பின்னே தோன்றும் கோபுரம் இன்று கண்ணுக்கு உறுத்தலாக இருக்கலாம். நாளை அக்கோபுரமும் பழம்பொருளாகும். அன்று அதனைத் தேடி வருவார்க்கு இப்படமே சான்றாகும்.